தென் மாலத்தீவில் சஃபாரி படகு டைவிங்: நீரோட்டத்தோடு இறங்குவது, ஏறுவது எப்படி

மாலத்தீவுக்கு டைவிங் போகிறவர்களில் பெரும்பாலோர் மாலேயைச் சுற்றியுள்ள நடு அட்டோல்களோடு (பவள வளையத் தீவுக் கூட்டங்கள்) திரும்பிவிடுகிறார்கள். லாமு அட்டோலைத் தாண்டி, சுமார் 95 கிலோமீட்டர் அகலமுள்ள ஒன்றரை டிகிரி நீரிணையைக் கடந்தால்தான் ஹுவாது வரும். அதற்குத் தெற்கே, பூமத்தியரேகைக்கு அப்பால், ஒற்றைத் தீவாக ஃபுவஹ்முலா. அதையும் தாண்டினால் அத்து. இந்த மூன்றையும் பார்க்கப் படகிலேயே ஏழு முதல் பத்து நாள் தங்க வேண்டும். அங்கே எல்லோரும் இதைச் ‘சஃபாரி படகு’ என்றுதான் சொல்கிறார்கள். பெரிய படகில் உணவும் உறக்கமும். கம்ப்ரசரும் சிலிண்டர்களும் பின்னால் வரும் ‘டோணி’யில் இருக்கும். (நம் தோணிக்கு உறவான சொல்தான்.) டைவ் எல்லாம் டோணியிலிருந்தே.

இந்தக் கடலில் சிக்கிக்கொள்கிறவர்களுக்குப் பெரும்பாலும் நீந்தத் தெரியாமல் இல்லை. நீந்தி நீரோட்டத்தை ஜெயிக்கலாம் என்று நினைத்ததுதான் காரணமாக இருக்கிறது. எங்கே இறங்குவது, எப்போது பிடித்துக்கொள்வது, எப்போது விடுவது என்ற மூன்றும் சரியாக இருந்தால் காலை அதிகம் அசைக்கவே வேண்டியதில்லை.

எந்த மாதம், எந்தப் பக்கம்

அட்டோல் என்பது கடலடியிலிருந்து எழும் பவள வளையம். வளையத்தில் ஆங்காங்கே இடைவெளிகள் உண்டு. திவெஹி மொழியில் அவற்றுக்குக் ‘கண்டு’ என்று பெயர். இங்கே கால்வாய் என்றே சொல்லலாம். பெருங்கடல் நீர் உள்ளே வருவதும் வெளியே போவதும் இவற்றின் வழியாகத்தான். டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவத்தில் நீரோட்டம் பொதுவாகக் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். அப்போது கிழக்குப் பக்கக் கால்வாய்களில் தெளிந்த பெருங்கடல் நீர் உள்ளே நுழைகிறது. சாம்பல் ரீஃப் சுறாக்களும் கழுகுத் திருக்கைகளும் அந்த வாசலில் எதிர்நீரில் நிற்கும். தென்மேற்குப் பருவத்தில் போக்கு மாறும். உட்கடலின் (பவள வளையத்துக்குள் அடங்கிய கடல்) மிதவை உயிர்கள் நிறைந்த கலங்கல் நீர் கிழக்கு வழியாக வெளியேறும். மாந்தா திருக்கைகள் அதைத் தேடி வரும். பார்வைத் தூரம் குறையும்.

தென்கோடிப் பயணத்துக்குப் பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை நல்ல காலம். ஹுவாதுவின் கிழக்குக் கால்வாய்கள் அப்போதுதான் உயிர்ப்போடு இருக்கும். நீரிணையைக் கடக்கும் ஐந்தாறு மணி நேரமும் ஓரளவு அமைதியாகக் கழியும்.

போகுமுன் உங்களிடம் இருக்க வேண்டியவை

அட்வான்ஸ்டு சான்றிதழ், நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூட்டிய காற்று) சான்றிதழ், குறைந்தது 50 டைவ். பல படகுகள் தெற்குக்கு இதற்கும் மேல் கேட்கின்றன, கேட்பது நியாயம். புதுச்சேரியிலோ அந்தமானிலோ கற்றவர்கள் 50 டைவ் முடித்திருந்தாலும் வலுத்த நீரோட்டத்தில் ஒரு டைவ்கூடச் செய்யாதவர்களாக இருக்கலாம். அப்படியானால் முதலில் நடு அட்டோல்களில் ஒரு வாரம் செய்துவிட்டு, அடுத்த ஆண்டு தெற்கே போங்கள்.

எண்ணிக்கையைவிட முக்கியமானவை மூன்று திறமைகள். முதலாவது, பிசிடியில் (காற்றை நிரப்பியும் விட்டும் மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலங்கி) காற்றே இல்லாமல் விழுந்து, தலைகீழாகவே காதைச் சமன் செய்துகொண்டு 10 மீட்டருக்குப் போவது. இரண்டாவது, 5 மீட்டர் ஆழத்தில் எதையும் பிடிக்காமல் நின்றபடி, இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் மிதவைக் குழாயை மேலே விடுவது. மூன்றாவது, முகமூடியில் பாதி நீர் புகுந்தாலும் மூச்சின் வேகம் மாறாமல் அதை வெளியேற்றுவது. மூன்றையும் நீச்சல் குளத்திலேயே பழகலாம்.

மருத்துவப் படிவத்தில் ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால், மருத்துவர் கையெழுத்தை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். டைவிங் காப்பீடு கட்டாயம். ‘டான்’ போன்ற டைவிங் அமைப்புகளின் திட்டம் அழுத்த அறைச் சிகிச்சையையும் விமானத்தில் நோயாளியைக் கொண்டுபோவதையும் சேர்த்தே தரும். சாதாரணப் பயணக் காப்பீட்டில் இவை பெரும்பாலும் இருக்காது. தெற்கே ஒருவருக்கு டிகம்ப்ரஷன் நோய் (மேலேறும்போது உடம்பில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாவதால் வருவது) வந்தால் ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோக நேரலாம்.

படகுக்காரரிடம் கேட்க வேண்டியவை

விலையைக் கேட்குமுன் இவற்றைக் கேளுங்கள். ஆக்ஸிஜன் எத்தனை சிலிண்டர், எத்தனை மணி நேரத்துக்கு? பெரிய படகில் மட்டுமா, டோணியிலும் உண்டா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை டைவர்? கால்வாய் டைவுக்கு ஆறு பேருக்கு மேல் என்றால் அதிகம். இரவில் எல்லோரும் தூங்கும்போது விழித்திருந்து சுற்றிவரும் ஆள் உண்டா? அறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எங்கே?

கடைசி இரண்டு கேள்விகளைக் கேட்கத் தயங்க வேண்டாம். 2019 செப்டம்பர் 2 அதிகாலையில் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே ‘கன்செப்ஷன்’ என்ற டைவ் படகு எரிந்து, கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேர் இறந்தார்கள். இரவுக் காவல் சுற்று இல்லாததால் தீ கவனிக்கப்படாமல் வளர்ந்ததை விசாரணை சுட்டிக்காட்டியது. ஏறிய முதல் மாலையே உங்கள் அறையிலிருந்து இரண்டு வழிகளிலும், விளக்கில்லாமல், ஒருமுறை நடந்து வெளியே வந்து பாருங்கள். கேமரா, டார்ச் பேட்டரிகளை அறைக்குள் இரவு முழுக்கச் சார்ஜில் விடாதீர்கள்; ஆட்கள் விழித்திருக்கும் நேரத்தில், பொது இடத்தில் போடுங்கள்.

மூட்டை

மாலேயிலிருந்து கூத்தூ (ஹுவாது), கான் (அத்து) போன்ற தென் விமான நிலையங்களுக்கு உள்நாட்டு விமானம். சாமான் எடைக்கு வரம்பு உண்டு, கூடுதலுக்குப் பணம் கட்ட வேண்டும். ஆகவே ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் கருவி), டைவ் கம்ப்யூட்டர், முகமூடி மூன்றும் கைப்பையில். மற்றதெல்லாம் தொலைந்தாலும் படகில் இரவல் கிடைக்கும். நீர் 27 முதல் 30 டிகிரி, 3 மி.மீ. முழு உடுப்பு போதும். நாலாம் நாளிலிருந்து உடம்பு குளிரத் தொடங்கும் என்பதால் மெல்லிய தலையுறை ஒன்றும் வையுங்கள்.

சிறு உதிரிப் பை: முகமூடி வார், துடுப்பு வார், ரெகுலேட்டர் வாய்ப்பிடி ஒன்று, அதைக் கட்ட பிளாஸ்டிக் டை நான்கு, சிலிண்டர் வால்வுக்கு 014 அளவு ஓ-ரிங் ஐந்து, டின் வகை (வால்வுக்குள் திருகி மாட்டும்) ரெகுலேட்டருக்கு அதற்குரிய ஓ-ரிங், கம்ப்யூட்டர் பேட்டரி, 8 மி.மீ. ஆலன் கீ. வால்வுக்குள் இருக்கும் செருகியைக் கழற்றி டின் ரெகுலேட்டரை மாட்ட இந்தக் கீதான் வேண்டும். நீரிணையின் நடுவே கடை கிடையாது.

மதுபானம் கொண்டுபோகக் கூடாது. விமானம் ஏறுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற மாலத்தீவுப் பயணிகளுக்கான இணையப் படிவத்தை நிரப்பிவிடுங்கள்.

முதல் டைவ்: எடையைச் சரிபார்ப்பது

முதல் டைவ் எப்போதும் அமைதியான உட்கடலில் இருக்கும். அதைச் சும்மா கழிக்காதீர்கள். இங்கே பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர். சிலிண்டரின் அழுத்தம் 200 பாரிலிருந்து 50 பாருக்கு வரும்போது காற்று மட்டும் சுமார் 2 கிலோ குறைந்திருக்கும். காலியான அலுமினியம் மேலே இழுக்கும். அதனால் தொடக்கத்தில் சரியாக இருந்த எடை கடைசியில் போதாது. டைவ் முடிவில் 50 பாரோடு 5 மீட்டரில், பிசிடியை முற்றிலும் காலி செய்து நின்று பாருங்கள். மேலே தூக்கினால் ஒரு கிலோ சேருங்கள். நீரோட்டத்தில் பாதுகாப்பு நிறுத்தத்தை (ஏறும் வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது) தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் எடை குறைவாகக் கட்டியவர்கள்.

கால்வாய் டைவ், படிப்படியாக

முதலில் வழிகாட்டி தனியாகக் குதித்து நீரோட்டத்தைப் பார்ப்பார். உள்நோக்கி ஓடினால்தான் கால்வாய் டைவ். வெளிநோக்கி ஓடினால் அது உங்களைத் திறந்த கடலுக்கு எடுத்துப் போகும். வாசல் விளிம்பில் நீர் கீழ்நோக்கி மடங்கி விழும். கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. “வேறு இடம் போகிறோம்” என்று அவர் சொன்னால் அதை வாதாடி மாற்றப் பார்க்கக் கூடாது.

டோணியில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு சோதனை. ரெகுலேட்டரை வாயில் வைத்து, அழுத்தமானியைக் கண்ணெதிரே பிடித்து, நான்கு முறை ஆழமாக மூச்சிழுங்கள். முள் அசையவே கூடாது. ஒவ்வொரு இழுப்பிலும் முள் இறங்கி ஏறினால் வால்வு பாதிதான் திறந்திருக்கிறது. படகு ஆட்கள் கடைசி நொடியில் ‘உதவியாக’ வால்வை மூடித் திறப்பதால் இது நேரும். மேற்பரப்பில் காற்று தாராளமாக வரும். 25 மீட்டரில் மூச்சு அடைக்கும். காற்றில்லாப் பிசிடியோடு விழப்போகும் டைவில் இந்தப் பத்து நொடிச் சோதனையைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

பிறகு பிசிடியை முழுக்கக் காலி செய்யுங்கள். வெளியேற்றும் குழாயை உயர்த்திப் பிடித்து முழங்கையால் பையை அமுக்கினால் மிச்சக் காற்றும் போகும். டோணி கால்வாய் வாசலுக்கு நீரோட்டத்தின் மேல்பக்கம் போய் நிற்கும். சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். ஐந்து நொடி தாமதித்தவர் கீழே இருபது, முப்பது மீட்டர் விலகியிருப்பார். விழுந்ததும் திரும்பி, தலை கீழாக, சுவரை நோக்கிப் போங்கள். மேலே மிதந்து ‘ஓகே’ சைகை காட்டும் பழக்கம் இங்கே இல்லை.

காது அடைத்தால் என்ன செய்வது என்பதை முன்பே துணையோடு பேசிவையுங்கள். ஒரு மீட்டர் ஏறி முயல்வது சரி. இரண்டு முயற்சியில் திறக்காவிட்டால் துணையோடு மேலே வந்து டோணிக்குக் கை காட்ட வேண்டும். மெதுவாகப் பின்னாலேயே இறங்கி வருகிறேன் என்று நினைத்தால் குழுவே இல்லாத நீலத்தில்தான் போய்ச் சேருவீர்கள்.

கால்வாயின் வாசல் விளிம்பு பல இடங்களில் 25 முதல் 30 மீட்டரில் இருக்கும். மாலத்தீவு விதிப்படி பொழுதுபோக்கு டைவ் 30 மீட்டரோடு நிற்க வேண்டும். டிகம்ப்ரஷன் டைவ் (ஏறும் வழியில் கட்டாயமாக நின்று வர வேண்டியது) கூடாது. சுறாக்கள் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும். இறங்கிப் பார்க்கத் தோன்றும். இறங்காதீர்கள், அசையாமல் இருந்தால் அவையே மேலே வரும்.

இப்போது ஹூக். ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் கயிறு, ஒரு முனையில் மழுங்கிய எஃகுக் கொக்கி, மறுமுனையில் ஒரு கையால் திறக்கும் கிளிப். அதைப் பிசிடியின் கீழ் அல்லது முன் வளையத்தில் மாட்டியிருக்க வேண்டும். விளிம்பை நெருங்கும்போது கண் பாறையைத் தேடட்டும். உயிருள்ள பவளம் வேண்டாம். ஒட்டுயிர் இல்லாத செத்த பாறையின் பொந்தோ விளிம்போ போதும். பலகைப் பவளத்தில் மாட்டினால் அது ஒடிந்து, நீங்களும் போவீர்கள், பல ஆண்டு வளர்ச்சியும் போகும். கொக்கியை வைத்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிறகு கயிற்றை மெல்ல விட்டு, கை இரண்டையும் எடுத்துவிட்டு, பிசிடியில் சிறிது காற்று சேருங்கள். பட்டம் போல பாறையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் நிற்பீர்கள். காற்று சேர்க்காவிட்டால் வயிறும் துடுப்பும் பவளத்தில் உரசும்.

முகம் நேரே நீரோட்டத்தைப் பார்க்கட்டும். பக்கவாட்டில் திரும்பினால் நீரின் வேகம் முகமூடியைத் தூக்கும், ரெகுலேட்டரின் பொத்தானை அமுக்கிக் காற்றைக் கொட்ட வைக்கும். ரெகுலேட்டரில் சரிசெய்யும் திருகு இருந்தால் சற்று இறுக்கிவிடுங்கள். ஆக்டோபஸை (துணைக்குக் கொடுக்கும் மாற்று ரெகுலேட்டர்) தொங்கவிடாமல் மார்போடு, வாய்ப்பிடி கீழ்நோக்கி இருக்கும்படி செருகுங்கள்.

விடும்போது வரிசை மாறக் கூடாது. முதலில் சேர்த்த காற்றை வெளியேற்றுங்கள். பிறகு கயிற்றைப் பிடித்து ஒரு கை முன்னேறி, கொக்கியைத் தளர்த்தி எடுங்கள். காற்றோடு விட்டுவிட்டால் பலூன் போல மேலேறுவீர்கள். 30 மீட்டரில் இருந்த சிறு காற்று ஏற ஏற விரியும். கொக்கி சிக்கிக்கொண்டால் கிளிப்பைத் திறந்து கயிற்றை அங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். அது வெறும் கயிறு.

விட்டபின் கால்வாய் உங்களை உள்ளே எடுத்துச் செல்லும். அகலம் கூடக் கூட வேகம் குறையும். ஓரச் சுவரை ஒட்டி மெல்ல ஏறி 12, 10 மீட்டர் என்று வாருங்கள்.

காற்றுக் கணக்கு

அமைதியாக இருப்பவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிக்கிறார் என்று வையுங்கள். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு, அதாவது 80 லிட்டர். 200-லிருந்து 50 பார் வரை 11 லிட்டர் சிலிண்டரில் கிடைப்பது சுமார் 1,650 லிட்டர்: இருபது நிமிடம். எதிர்நீச்சல் போட்டால் மூச்சு இரட்டிப்பாகும். அதே காற்று பத்து நிமிடம். ஹூக் ஒரு சொகுசு அல்ல என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

100 பாரில் விளிம்பை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்வதற்கும் கணக்கு உண்டு. பதற்றத்தில் ஒருவருக்கு 30 லிட்டர், இருவர் ஒரே சிலிண்டரில் என்றால் 60. ஆழத்தில் ஒரு நிமிடத் தடுமாற்றம் 240 லிட்டர். நான்கு நிமிடம் ஏறுவதற்குச் சராசரி இரண்டரை மடங்கில் 600. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடத்துக்கு 270. மொத்தம் 1,110 லிட்டர். ஏறத்தாழ 100 பார். 70 பாரில் கிளம்பினால் உங்கள் துணைக்குக் கொடுக்க உங்களிடம் ஒன்றுமில்லை.

நீர் கீழே இழுத்தால்

உங்கள் குமிழிகள் மேலே போகாமல் பக்கத்திலோ கீழேயோ போனால், காது திடீரென அழுந்தினால், அது கீழ்நோக்கிய நீரோட்டம். அதை எதிர்த்து நேர் மேலே உதைக்காதீர்கள். பக்கத்தில் பாறை இருந்தால் பிடித்துக் கைமாற்றி ஏறுங்கள். இல்லையென்றால் சுவரிலிருந்து விலகி, குறுக்காக நீந்திக்கொண்டே பிசிடியில் காற்று சேருங்கள். இழுப்பு சுவரையொட்டிய குறுகிய பட்டையில்தான் வலுவாக இருக்கும். அதிலிருந்து வெளியே வந்த நொடியே அந்தக் காற்று உங்களை மேலே எறியும். விரல் வெளியேற்றும் பொத்தானில் தயாராக இருக்கட்டும்.

மேலே வருவதும் தெரிய வைப்பதும்

ஒன்றரை மீட்டருக்குக் குறையாத ஆரஞ்சு மிதவைக் குழாய், குறைந்தது 15 மீட்டர் நூலோடு, ஆளுக்கு ஒன்று. குழுவுக்கு ஒன்று போதாது. 5 மீட்டரில் நின்று குழாயை விரித்து, நூல் சுருளை விரலிடையே தளர்வாகப் பிடித்து, ஒரே மூச்சுக் காற்றை ஊதிவிட்டு விடுங்கள். சுருளை ஒருபோதும் பிசிடியில் மாட்டக் கூடாது. சிக்கினால் குழாயோடு நீங்களும் மேலே போவீர்கள். மேலே குழாய் படுத்துக் கிடந்தால் நூலைக் கீழே இழுத்துப் பிடியுங்கள், நிமிரும்.

குழுவைப் பிரிந்தால் ஒரு நிமிடம் தேடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஏறி, நிறுத்தம் முடித்து, மிதவையோடு மேலே வாருங்கள். டோணி மேற்பரப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். விசில், சிறு கண்ணாடி, பகலிலும் ஒரு டார்ச் சட்டைப்பையில் இருக்கட்டும். அலை உயர்ந்த அந்தியில் மனிதத் தலை இருநூறு மீட்டரிலேயே மறைந்துவிடும். நாட்டிலஸ் போன்ற ஜிபிஎஸ் அவசரக் கருவி படகின் ரேடியோவுக்கு உங்கள் இடத்தை அனுப்பும். வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ வீண் செலவல்ல.

ஃபுவஹ்முலாவும் அத்துவும்

ஃபுவஹ்முலாவுக்கு உட்கடல் இல்லை. படகு ஒதுங்கி நிற்க இடமில்லை. கடல் கெட்டால் அந்த நாளை விட்டுவிட வேண்டியதுதான். புலிச்சுறாக்கள் துறைமுக வாசலருகே மீன் கழிவுகளுக்கு வந்து பழகியவை. மாலத்தீவு 2010-இல் சுறாப் பிடிப்பை நாடு முழுக்கத் தடை செய்தது. அதன் பலனை இங்கே கண்ணால் பார்க்கலாம். வழிகாட்டி காட்டும் இடத்தில் வரிசையாக இருங்கள். கைகளை உடம்போடு ஒட்டி வையுங்கள், வெள்ளைத் துடுப்பும் பளபளக்கும் பொருளும் வேண்டாம். நெருங்கும் சுறாவை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள், முதுகு காட்டாதீர்கள். தனியாக மேலே ஏறவே கூடாது.

அத்துவில் ‘பிரிட்டிஷ் லாயல்டி’ எண்ணெய்க் கப்பல் கிடக்கிறது. 1944 மார்ச்சில் யு-183 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி சுட்ட டார்பிடோவில் சேதமானது. 1946-இல் இங்கேயே மூழ்கடிக்கப்பட்டது. பக்கவாட்டில் சாய்ந்து, சுமார் 16 மீட்டரிலிருந்து 33 மீட்டர் வரை. நீரோட்டம் குறைவு; ஒரு வாரம் ஹூக்கில் தொங்கிய உடம்புக்கு ஓய்வு.

நைட்ராக்ஸும் உடம்பும்

நாளுக்கு மூன்று டைவ் என்று ஆறு நாள் போனால் நைட்ரஜன் சேர்ந்துகொண்டே போகும். சாதாரணக் காற்றில் டிகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்படாமல் 30 மீட்டரில் இருக்கக்கூடிய நேரம் முதல் டைவில் சுமார் 20 நிமிடம். 32 சதவீத நைட்ராக்ஸில் 30 நிமிடத்தை ஒட்டி. ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம் 1.4-ஐத் தாண்டக் கூடாது என்ற கணக்கில் அதன் எல்லை ஆழம் 33 மீட்டர். ஒவ்வொரு சிலிண்டரையும் நீங்களே அளந்து, சதவீதத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். நேற்றைய எண்ணை விட்டுவைப்பதுதான் வழக்கமான தவறு.

பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் காதுதான். ஒவ்வொரு டைவுக்குப் பின்னும் நன்னீரால் காதைக் கழுவி, 2 சதவீத அசிட்டிக் அமிலச் சொட்டு மருந்தை ஐந்து நிமிடம் விடுங்கள். காதுச் சவ்வில் ஓட்டை இருப்பவர்களுக்கு இது கூடாது. பஞ்சுக் குச்சி வேண்டாம். குமட்டல் மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. நீரிணையைக் கடப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். தூக்கம் வரவைக்கிறதா என்பதை ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர்.

பல நாள் தொடர் டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. படகுகள் 24 மணி நேரம் கேட்கும். கானிலிருந்து மாலேக்குப் போகும் சிறு விமானமும் விமானம்தான் என்பதைப் பலர் மறக்கிறார்கள். மாலேயிலிருந்து கிளம்பும் நேரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்; கானில் ஏறும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, கடைசி டைவை முந்தைய நாள் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மிச்ச நேரத்தில் ரெகுலேட்டரை நன்னீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தலாம். சிலிண்டரில் மாட்டும் பகுதியான முதல் நிலையின் மூடியைத் துடைத்து மாட்டிய பிறகுதான் தண்ணீரில் போட வேண்டும்.